ஊரறிந்த இல்லறமும் சட்டமறிந்த இல்லறமும்

ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கணவனும் மனைவியுமாக வாழ்கின்றனர் என்பதை அறுதியிட்டுச் சொல்ல வேண்டியவர் யார்? அவ்விருவரும் சொன்னால் போதுமா? உற்றார் உறவினர் சொல்ல வேண்டுமா? மந்திரம் ஓதியவர் சொல்ல வேண்டுமா? அரசாங்கத்தின் பதிவேடு சொல்ல வேண்டுமா? அன்றாட வாழ்க்கையில் இக்கேள்வி எழுவதே இல்லை. அடுத்த வீட்டார் கேட்பதில்லை. மளிகைக் கடைக்காரர் கேட்பதில்லை. இக்கேள்வி எழுகின்ற வேளைகள் மூன்று. இருவரில் ஒருவர் இறக்கும்போது எழுகிறது. ஒருவர் மற்றவரைக் கைவிடும்போது எழுகிறது. பிள்ளையின் பெயருக்கு எதிரே தகப்பன் பெயரை எழுதும்போது எழுகிறது. முதல் இரண்டும் துயரமான வேளைகள். மூன்றாவது மகிழ்ச்சிக்குரிய வேளையாக இருக்க வேண்டும். எல்லார்க்கும் அவ்வாறு அமைவதில்லை. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் பல ஆண்டுகள் எழுதியவன் ஆதலால் இதனை அறிவேன். 'தந்தையின் பெயர்' என்னும் கட்டம் வந்ததும் பேச்சு நின்றுவிடும் தாய்மார் உண்டு.

மாணவ நண்பர்களே, ஒரு பெண்ணை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். திருவேங்கடம் வட்டத்துக் கரிசல் ஊர்களுள் ஒன்றில் அவள் வாழ்கிறாள். பருத்தி எடுக்கவும் மிளகாய்ப் பழம் பறிக்கவும் போகிறாள். இருபது ஆண்டுகளாக ஒருவரோடு ஒரே கூரையின்கீழ்க் குடும்பம் நடத்துகிறாள். அவருடைய தம்பி மக்கள் அவளைப் 'பெரியம்மா' என்று அழைக்கின்றனர். ஊர்க் கொடைக்கு வரி எழுதும்போது இருவரையும் ஒரு தலைக்கட்டாகவே எழுதுகின்றனர். ஆயின் தாலி கட்டியதாக நினைவில்லை. பதிவு செய்த தாளும் இல்லை. ஒரு நாள் அவர் இறந்துவிடுகிறார். அவள் வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சென்று வாரிசுச் சான்றிதழ் வேண்டுமென்கிறாள். "திருமணம் எப்போது, எங்கே நடந்தது? அதற்குச் சான்று என்ன?" என்று அங்கே கேட்கின்றனர். கேட்பவர் கொடியவர் அல்லர். அவர் கேட்க வேண்டிய கேள்வியே அது. இருபது ஆண்டு வாழ்க்கை அந்த மேசையின்மீது வைப்பதற்கு ஒன்றுமில்லாத வாழ்க்கையாகிவிடுகிறது. மணவினை இன்றிச் சேர்ந்து வாழும் இணையர்க்குச் சட்டம் எவ்வளவு இடம் தருகிறது என்னும் கேள்வியின் உயிர்நிலை இதுதான்.

இப்பொருளைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே, இது பெருநகரங்களில் நேற்றுத் தோன்றிய புதுமை என்று பலர் முகம் சுளிக்கின்றனர். சேர்ந்து வாழ்தலுக்கு ஓர் ஆங்கிலப் பெயரை இளைஞர் வழங்குவதால் பொருளும் அயல்நாட்டது என்று எண்ணிவிடுகின்றனர். தொல்காப்பியம் களவு, கற்பு என இரண்டு வாழ்க்கைநிலைகளைக் கூறுவதை நீங்கள் படித்திருப்பீர்கள். மக்களிடையே பொய்யும் தவறும் தோன்றிய பிறகே மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்னும் கருத்தும் அந்நூலில் உண்டு. இக்கருத்து ஆழ்ந்து நோக்கத்தக்கது. அன்பு முன்னது, சடங்கு பின்னது. ஒருவர் 'நான் அவளை அறியேன்' என்று சொல்லித் தப்பிவிடாதபடி பலர் அறிய நடத்திய ஏற்பாடே சடங்கு. இக்காலச் சட்ட மொழியில் சொன்னால், அது ஒரு சாட்சி.

நம் தென்பகுதியில் மற்றொரு வழக்கமும் இருந்தது. மணவாழ்க்கை கசந்துவிட்டால் ஊர்ப் பெரியவர் முன்னிலையில் அதைத் தீர்த்துவிட்டு, பெண் வேறொருவரோடு வாழத் தொடங்குவாள். 'அறுத்துக் கட்டுதல்' என்று இதனைச் சொல்வர். சில சமூகங்களில் இது இழிவாகக் கருதப்பட்டதில்லை. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் வழக்காற்று மணமுறிவை அழிக்காமல் விட்டுவைத்தது. எனினும், அவ்வழக்கம் தம் சமூகத்தில் தொன்றுதொட்டு இருந்தது என்பதைக் கேட்பவரே நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். ஊர்க்கூட்டத்தில் எழுதிய தாள் கறையானுக்கு இரையாகியிருக்கும், பெரியவர்கள் மறைந்திருப்பார்கள். மெய்ப்பிக்க இயலாவிடில் முதல் மணம் நீடிக்கிறது. இரண்டாவது இல்லறம் சட்டத்தின் கண்ணில் இல்லாததாகிறது.

இனி, தமிழ்நாட்டுக்கே உரிய பெரிய எடுத்துக்காட்டுக்கு வருவோம். எங்கள் பகுதிக்கு வடகிழக்கே, அருப்புக்கோட்டையை அடுத்துச் சுக்கிலநத்தம் என்றொரு சிற்றூர் உண்டு. 1928-ஆம் ஆண்டில் அங்கே பெரியார் ஈ. வெ. ராமசாமி ஒரு திருமணத்தை நடத்திவைத்தார். புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை, தீ வளர்க்கவில்லை. சுயமரியாதைத் திருமணங்களுள் முதலாவது என இதனைச் சொல்வர். அதன்பின் நாற்பது ஆண்டுகளில் இம்முறையில் மணந்தவர் ஏராளம். சாதி கடந்து மணந்தவர் இருந்தனர். கைம்பெண்ணை மணந்தவர் இருந்தனர். அழைப்பிதழ் அச்சிட்டனர், மேடை போட்டனர், ஊரைக் கூட்டினர், சொற்பொழிவும் நடத்தினர். மறைவாக நடந்தது ஒன்றுமில்லை. சில மேடைகளில் சொற்பொழிவு மணவினையைவிட நீண்டதாகச் சொல்வர், அஃது இருக்கட்டும்.

இவ்விணையரைச் சட்டம் எவ்வாறு பார்த்தது? அக்காலத்தில் சடங்கின்றி மணக்க விரும்புவார்க்கு 1872-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் என்றொரு வழி இருந்தது. அவ்வழியே செல்வோர் தாம் இந்து சமயத்தையோ வேறு குறிப்பிட்ட சமயங்களையோ சார்ந்தவரல்லர் என்று எழுதித்தர வேண்டியிருந்தது. 1923-இல் அது சற்றுத் தளர்த்தப்பட்டது. 1954-இல் புதிய சட்டம் வந்தது. பதிவு அலுவலகத்தில் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்னும் விதி அதில் உண்டு. பாமர மக்களுக்கு இவை எட்டாத வழிகள். எனவே பெரும்பாலோர் மேடையில் மாலை மாற்றிக்கொண்டு, அதுவே திருமணம் என்று நம்பி இல்லறம் நடத்தினர்.

1953-இல் அந்த நம்பிக்கை நொறுங்கியது. தெய்வானை ஆச்சி – சிதம்பரம் செட்டியார் வழக்கு என்று சட்ட ஏடுகள் குறிப்பிடும் வழக்கில், சென்னை உயர்நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சாத்திரம் விதித்த சடங்கு நடந்திருக்க வேண்டும். அன்றேல் தொன்றுதொட்டு வரும் வழக்காறு இருக்க வேண்டும். அண்மையில் தோன்றிய ஓர் இயக்கம் புதிதாக ஒரு வழக்காற்றைப் படைத்துவிட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். சட்ட நூலை மட்டும் வைத்துப் பார்த்தால் அத்தீர்ப்பில் முரண் இல்லை. அதன் விளைவைப் பாருங்கள். முந்தைய நாள் வரை ஊரறிய மனைவியாக இருந்தவள் மறுநாள் மனைவி அல்லள். 'மணமின்றிச் சேர்ந்து வாழ்வோர்' என்று இன்று எவரைக் குறிக்கிறோமோ, அந்நிலைக்கு ஆயிரக்கணக்கான கண்ணியமான குடும்பங்கள் ஒரு தீர்ப்பினால் தள்ளப்பட்டன. அவர்கள் வாழ்க்கை மாறவில்லை. அதற்குச் சட்டம் இட்ட பெயர் மாறிற்று.

இங்கே ஒரு விந்தையைக் காட்ட வேண்டும். அதற்கு முதலில் இலங்கைக்குச் செல்ல வேண்டும். இலங்கைத் தமிழரிடையே எழுந்த வழக்கு ஒன்று லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1881-ஆம் ஆண்டில் அம்மன்றம் ஒரு கோட்பாட்டை உறுதிப்படுத்தியது. ஓர் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாக வாழ்ந்தனர் என்பது மெய்ப்பிக்கப்படுமானால், அவர்கள் முறைப்படி மணந்தவர்களே என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும். இல்லை என்பவரே இல்லை என்பதைத் தெளிவாக நிறுவ வேண்டும். இந்திய நீதிமன்றங்களும் இக்கோட்பாட்டைப் போற்றிவந்தன. 1978-இல் உச்சநீதிமன்றத்தில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் முன்பு ஒரு வழக்கு வந்தது. ஏறத்தாழ 50 ஆண்டுகள் கூடி வாழ்ந்த இருவர் மணந்தவரா என்பது கேள்வி. அரை நூற்றாண்டு கழித்துப் புரோகிதரையும் சாட்சிகளையும் கொண்டுவா என்றால் எவரால் முடியும் என்று நீதிமன்றம் எண்ணிற்று. அவர்களைக் கணவன் மனைவியாகவே கொண்டது.

இந்த ஊகம் சுயமரியாதை இணையரை ஏன் காக்கவில்லை? ஊகம் என்பது இருளில் ஏற்றும் விளக்கு. என்ன நடந்தது என்று தெரியாதபோதுதான் அதற்கு வேலை. இன்ன நாளில், இன்ன மேடையில், இன்ன முறையில் மணம் நடந்தது என்பது அழைப்பிதழோடு தெரிந்திருக்கும்போது ஊகிக்க இடமேது? அம்முறை செல்லாது என்றால் எல்லாம் போயிற்று. ஒன்றும் சொல்லாமல் அமைதியாக வாழ்ந்தவர்களைச் சட்டம் மணந்தவராகக் கொள்ளும். ஊரைக் கூட்டி உறுதிமொழி சொன்னவர்களை மணமாகாதவர் என்று தள்ளும். சட்டத்தில் இத்தகைய தலைகீழ்க் கூத்துகள் நேர்வது உண்டு. அவற்றைத் திருத்துவதற்கே சட்டமன்றம் இருக்கிறது.

திருத்தம் 1967-இல் வந்தது. அவ்வாண்டு பொறுப்பேற்ற சி. என். அண்ணாதுரையின் அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. குடியரசுத் தலைவரின் இசைவு பெற்று 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. இரண்டு இந்துக்கள் உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் மணந்துகொள்ளலாம். ஒருவரையொருவர் கணவனாக, மனைவியாக ஏற்கிறோம் என்று தமக்குத் தெரிந்த மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால் போதும். அல்லது மோதிரம் அணிவித்தால் போதும். அல்லது தாலி கட்டினால் போதும். இச்சட்டத்தின் உயிர் 'அல்லது' என்னும் இடைச்சொல்லில் இருக்கிறது. அவ்விடத்தில் 'உம்' என்று எழுதியிருந்தால் பொருளே மாறியிருக்கும். மாலையும் மோதிரமும் தாலியும் எல்லாம் வேண்டும் என்றாகியிருக்கும். இலக்கணம் யாருக்கு உதவும் என்று கேட்கும் மாணவர்க்கு இதனைக் காட்டலாம்.

அதனினும் பெரியது மற்றொன்று. இச்சட்டம் பின்னோக்கியும் சென்றது. அது வருவதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும், சில விலக்குகள் நீங்கலாக, நடந்த நாள் தொட்டே செல்லுபடியானவை என்று அறிவித்தது. அவற்றிற் பிறந்த பிள்ளைகளும் முறையான பிள்ளைகளாயினர். 1928-இல் இளமணமகளாக இருந்த ஒருத்தி 1968-இல் பேரப்பிள்ளை பெற்ற முதியவளாகியிருப்பாள். அவள் நாற்பது ஆண்டுகளாகவே மனைவிதான் என்று அன்று சட்டம் ஒப்புக்கொண்டது. இதற்கிடையில் இறந்துபோனவர்களுக்கு இந்தச் செய்தியால் பயனில்லை.

7-ஏ பிரிவைப் பற்றிய பூசல் அத்தோடு முடிந்துவிடவில்லை. வழக்கறிஞர் அறைகளில் ஓரிருவர் முன்னிலையில் நடக்கும் மணம் செல்லாது என்று 2014-இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அக்கருத்தை நீக்கியது. ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டும் என்னும் கட்டாயம் சட்டத்தில் இல்லை என்றது. பெற்றோர் எதிர்ப்புக்கு அஞ்சி மணப்பவர்க்குக் கூட்டம் சேர்ப்பது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதையும் அது நினைவில் கொண்டது. சாதி கடந்த மணங்களுக்காகக் கொலை நடந்த செய்திகளை நம் மாவட்டங்களில் வாழ்வோர் அறிவர். விரித்துரைக்க மனம் வரவில்லை.

இதுகாறும் கூறியவை மணந்தோம் என்று சொல்லிக்கொண்ட இணையரைப் பற்றியன. மணம் என்று ஒன்றும் செய்யாமலேயே சேர்ந்து வாழ்வோர் நிலை என்ன? இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு வாழ்வது குற்றமா என்பது ஒன்று. அவ்வாழ்க்கையிலிருந்து உரிமைகள் பிறக்குமா என்பது மற்றொன்று. பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கின்றனர்.

முதற் கேள்விக்கு விடை எளிது. 2005-இல் நடிகை குஷ்பு ஓர் இதழுக்குச் சொன்ன கருத்துக்காக அவர்மீது பல ஊர்களில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. பெரும்பாலானவை தமிழ்நாட்டிலேயே தொடுக்கப்பட்டவை. 2010 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் 23 வழக்குகளையும் தள்ளுபடி செய்தது. வயதுவந்த இருவர் தம் விருப்பத்தின்படி சேர்ந்து வாழ்வது பலர்க்கு ஒழுக்கக்கேடாகத் தோன்றலாம். அதனால் அது குற்றமாகிவிடாது என்றது. ஒழுக்கத்தைப் பற்றி ஒவ்வொருவர்க்கும் ஒரு கருத்து இருக்கும், எனக்கும் உண்டு. ஆயினும் என் கருத்தை நிலைநாட்டக் காவல் நிலையத்தை அழைக்க எனக்கு உரிமையில்லை என்பதே அத்தீர்ப்பின் பொருள்.

இரண்டாம் கேள்வி கடினமானது. அதற்கு முதல் விடையைத் தந்தது 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். மனைவிக்கு மட்டுமன்றி, 'திருமணத்தின் தன்மையுடைய உறவில்' ஓர் ஆணோடு ஒரே வீட்டில் வாழ்ந்த பெண்ணுக்கும் அது பாதுகாப்பு அளித்தது. அவளை அடிக்கக் கூடாது. வீட்டைவிட்டுத் துரத்தக் கூடாது. அவளுக்குப் பொருளுதவி தருமாறு நடுவர் ஆணையிடலாம். நம் நாட்டு மத்தியச் சட்டம் ஒன்று, தாலியையும் பதிவையும் கேளாமல், 'எவ்வாறு வாழ்ந்தீர்கள்?' என்று கேட்டது இதில்தான். சடங்கை நோக்கிய கண் வாழ்க்கையை நோக்கித் திரும்பிற்று.

ஆனால் 'திருமணத்தின் தன்மை' என்பது யாது? சட்டம் அதனை விளக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து சென்ற ஒரு ஜீவனாம்ச வழக்கில் 2010 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அதனை வரையறுக்க முயன்றது. இருவரும் தம்மைக் கணவன் மனைவி போல் உலகத்துக்குக் காட்டியிருக்க வேண்டும். மணவயது அடைந்திருக்க வேண்டும். மணந்துகொள்ளத் தடையற்றவராக, அதாவது வேறு துணை இல்லாதவராக, இருக்க வேண்டும். தாமே விரும்பிக் குறிப்பிடத்தக்க காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். வார இறுதியில் சந்திப்பதும் ஓரிரவு தங்குவதும் இதில் அடங்கா. பொருள் கொடுத்து ஒருவன் வைத்திருக்கும் பெண்ணுக்கும் இப்பாதுகாப்பு இல்லை என்ற இடத்தில் நீதிமன்றம் ஓர் ஆங்கிலச் சொல்லை ஆண்டது. தமிழில் 'வைப்பு' என்று நாம் வழங்கும் கடுஞ்சொல்லுக்கு ஒப்பானது அது. அப்போது மத்திய அரசின் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த இந்திரா ஜெய்சிங் அச்சொல்லைக் கண்டித்து நீதிமன்றத்திலேயே எதிர்ப்புத் தெரிவித்தார். அவர் கண்டித்தது முறையே. பெட்டியில் பொருளை வைப்பதைப் போல ஒரு பெண்ணை வைத்திருப்பதாகச் சொல்லும் இச்சொல்லுக்கு நம் வழக்கில் ஆண்பால் இல்லை. வைத்தவனுக்குத் தனிப்பெயர் ஒன்றும் ஏற்படவில்லை.

2013 நவம்பரில் வந்த மற்றொரு தீர்ப்பு என் மனத்தில் தைத்தது. ஒருவருக்கு மனைவியும் மக்களும் இருந்தனர். அதை அறிந்தே ஒரு பெண் அவரோடு 18 ஆண்டுகள் வாழ்ந்தாள். பிறகு கைவிடப்பட்டாள். உச்சநீதிமன்றம் அவளுடைய நிலைக்கு இரங்கிற்று. எனினும் அவளுக்கு உரிமை தந்தால் முதல் மனைவிக்கும் அவள் மக்களுக்கும் தீங்காகும் என்று மறுத்துவிட்டது. அதே தீர்ப்பில், திருமணத்தின் தன்மையைக் கண்டறிய எவற்றைப் பார்க்க வேண்டும் என்று எடுத்துரைத்தது: வாழ்ந்த காலம், பகிர்ந்துகொண்ட வீடு, சேர்த்துவைத்த பணம், பிள்ளைகள், ஊரார் முன் பழகிய விதம், இருவர் உள்ளக்கருத்து முதலியன. இத்தகைய பெண்களையும் பிள்ளைகளையும் காக்கப் புதிய சட்டம் இயற்றுவதைப் பற்றிச் சிந்திக்குமாறு நாடாளுமன்றத்தை வேண்டிக்கொண்டது. முதல் மனைவியின் உரிமையைக் காத்தது நேரிது என்பதை ஒப்புகிறேன். ஆயினும் அவ்வழக்கில் இருவர் தவறு செய்திருந்தால், இழந்தவர் ஒருவரே என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிள்ளைகளிடத்தில் சட்டம் அதிக இரக்கம் காட்டியிருக்கிறது. முறையான மணத்திற் பிறந்தாலும் பிறவாவிட்டாலும் தகப்பனிடம் பராமரிப்புக் கேட்கும் உரிமை பிள்ளைக்கு நெடுங்காலமாக உண்டு. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவிலும் அது தொடர்கிறது. செல்லாத திருமணத்திற் பிறந்த பிள்ளையும் முறையான பிள்ளையே என்று இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. அப்பிள்ளைக்குக் குடும்பச் சொத்தில் பங்கு உண்டா என்பதில் இருந்த ஐயத்தை 2023 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தீர்த்தது. தாய் தகப்பனுக்கு அச்சொத்தில் வரக்கூடிய பங்கில் பிள்ளைக்கு உரிமை உண்டு; உறவினர் அனைவரும் சேர்ந்த முழுக் குடும்பத்தின் பங்காளியாக அப்பிள்ளை ஆகிவிடாது. 2015-இல் வந்த வேறொரு தீர்ப்பு, மணமாகாத தாய் தகப்பன் பெயரை வெளியிடாமலே தன் பிள்ளைக்குக் காப்பாளராகலாம் என்றது. நான் முன்பு சொன்ன பதிவேட்டுக் கட்டம் இப்போது முன்போல் அச்சுறுத்துவதில்லை.

கேரளத்திலிருந்து சென்ற ஒரு சொத்து வழக்கில் 2022 ஜூனில் அந்தப் பழைய ஊகக் கோட்பாடு மீண்டும் உயிர்பெற்றது. நெடுங்காலம் கணவன் மனைவியாக வாழ்ந்த இருவரின் மகனுக்குப் பங்கு உண்டு என்று உச்சநீதிமன்றம் கூறியது. 1881-இல் இலங்கைத் தமிழர் வழக்கில் உறுதிப்பட்ட கருத்துத்தான் இன்றும் ஏழைப் பெண்ணின் கடைசிப் பிடிமானமாக இருக்கிறது. அதற்கு வேண்டிய சாட்சி எது? வாழ்க்கைதான். குடும்ப அட்டையில் இருவர் பெயரும், வாக்காளர் பட்டியலில் கணவர் பெயரும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும், பள்ளிப் பதிவேடும், கோவில் கொடையின் வரிச்சீட்டும்கூட அங்கே பேசும்.

பிற நாடுகள் வெவ்வேறு வழிகளில் சென்றன. ஸ்காட்லாந்தில் கணவன் மனைவி என்று ஊரார் மதிக்க வாழ்ந்தாலே மணம் ஆகும் என்னும் பழைய சட்டம் 2006 வரை இருந்தது. சுவீடன் 1987-இல் ஒரு சட்டம் செய்து, சேர்ந்து வாழ்ந்தவர் பிரியும்போது வீட்டையும் வீட்டுப் பொருள்களையும் பகிர்ந்துகொள்ள வகைசெய்தது. மற்றச் சொத்துகளைத் தொடவில்லை. பிரான்சு 1999-இல் திருமணத்துக்குக் கீழ்ப்பட்ட ஓர் ஒப்பந்தத்தை ஏற்படுத்தி, விரும்புவோர் பதிந்துகொள்ளச் செய்தது.

நம் நாட்டில் உத்தராகண்ட மாநிலம் வேறொரு வழியை எடுத்துள்ளது. அங்கே 2024-இல் இயற்றப்பட்டு 2025 ஜனவரி 27 அன்று நடைமுறைக்கு வந்த பொதுக் குடிமைச் சட்டம், மணமின்றிச் சேர்ந்து வாழ்வோர் ஒரு மாதத்துக்குள் அதனைப் பதிவு செய்யவேண்டும் என்கிறது. தவறினால் மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. கைவிடப்பட்ட பெண் ஜீவனாம்சம் கேட்கலாம் என்பதும், பிறக்கும் பிள்ளை முறையான பிள்ளை என்பதும் அதில் உள்ள நன்மைகள். நன்மையைக் கொடுக்கும் கை பிரம்பையும் ஏந்தியிருப்பது எனக்கு உடன்பாடு அன்று. பிரம்பைப் பல ஆண்டுகள் கையாண்ட பழைய ஆசிரியர் தலைமுறையைச் சேர்ந்தவன் சொல்வதால் இதற்குச் சிறிது மதிப்பு இருக்கலாம். வீட்டாருக்கு அஞ்சி ஓடிவந்து தங்கியிருக்கும் இளைஞர் இருவரை, உங்கள் முகவரியை அரசாங்கத்திடம் எழுதிக்கொடுங்கள் என்று கட்டாயப்படுத்துவது அவர்களைக் காப்பதாகுமா, காட்டிக்கொடுப்பதாகுமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பிரான்சில் பதிவு விருப்பம். உத்தராகண்டத்தில் பதிவு கடமை. வேறுபாடு அங்கேதான் உள்ளது.

தமிழ்நாட்டிலும் பதிவு பற்றிய சட்டம் உண்டு. அது திருமணங்களுக்கு உரியது. 2009 முதல் எச்சமயத்தார் திருமணமாயினும் 90 நாட்களுக்குள் பதிவு செய்யவேண்டும். பதிவு மட்டுமே திருமணம் ஆகிவிடும் என்று நினைப்பதும் பிழை. மணவினை நடவாமல் சான்றிதழை மட்டும் பெற்றுக்கொண்டால் அது இந்து திருமணம் ஆகாது என்று 2024-இல் உச்சநீதிமன்றம் கூறியுள்ளது. நல்வாய்ப்பாக, நம் மாநிலத்தில் 7-ஏ பிரிவு இருப்பதால் அந்த மணவினைக்கு ஒரு மாலையும் இரண்டு வாக்கியங்களும் போதும்.

சேர்ந்து வாழ்வோர் உரிமைகளை முழுமையாகச் சொல்லும் மத்தியச் சட்டம் இன்னும் வரவில்லை. குடும்ப வன்முறைச் சட்டம் உயிரோடிருக்கும் ஆணிடமிருந்து பெண்ணைக் காக்கும்; அவன் இறந்த பிறகு அவளை வாரிசாக்காது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 'கைம்பெண்' என்னும் சொல்லே உள்ளது. உடன்வாழ்ந்தவள் என்பதற்கு அதில் இடமில்லை. ஆகவே அவள் கைக்கு எட்டுகின்ற வழிகளை அவளுக்குத் தெரிவிப்பது படித்தவர் கடமையாகிறது. துன்புறுத்தப்பட்டால் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். 181 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். வழக்காடப் பணமில்லை என்று அஞ்ச வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவச உதவி உண்டு. உடன்வாழும் ஆண் நலமாயிருக்கும்போதே, தான் ஈட்டிய சொத்தை அவளுக்கென உயில் எழுதிவைக்கலாம். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை, பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத் தாளில் எழுதி, அவர் கையொப்பமிட்டு, இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டால் அது செல்லும். அந்தச் சாட்சிகள் உயிலால் பயன் பெறாதவராக, அவரைவிட வயதில் இளையவராக இருப்பது நல்லது.